சுடலைமுத்து என்றும் பெயர் வைக்கலாம்

ஆண்பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கும் இளம் பெற்றோர்களுக்கு,

இப்போது உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஜோசியர் எழுதிக் கொடுத்த நாலு எழுத்து ஒரு துண்டுச்சீட்டில் இருக்கிறது. கைப்பேசியில் பெயர்ச் செயலி திறந்திருக்கிறது. தர்ஷித், தக்ஷன், ஹர்ஷன், ரித்விக் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சின்னதாக இருக்க வேண்டும், வகுப்பில் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது, கூப்பிட ஸ்டைலாக இருக்க வேண்டும் என்பவை உங்கள் நிபந்தனைகள். இதற்கிடையே ஊரிலிருந்து பெரியவர் ஒருவர், “தாத்தா பேரை வைங்களேன்” என்று தயங்கித் தயங்கிச் சொல்லியிருப்பார். “அதைச் சாமி பேரா காதுல சொல்லிக்கலாம்ப்பா, சர்டிபிகேட்டுக்கு வேற வைப்போம்” என்று நீங்களும் சமாதானம் சொல்லியிருப்பீர்கள். இந்த மடல் அந்தச் சமாதானத்தைப் பற்றியது. சுடலைமுத்து, மாடசாமி, மாயாண்டி, அழகர்சாமி போன்ற பெயர்களைக் காதோடு நிறுத்தாமல் பதிவேட்டிலேயே எழுதுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பழையது என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்கவில்லை. அந்தப் பெயர்களைச் சொல்லும்போது நமக்கு வரும் கூச்சம் வெளியிலிருந்து வந்து அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதை உரித்தெடுக்க முடியும், அதைச் செய்யக்கூடியவர்கள் இன்று கையில் குழந்தையோடு இருக்கும் நீங்கள்தான் என்று நம்புவதால் கேட்கிறேன்.

முதலில் அந்தப் பெயர்களுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுடலைமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்து, ஆவுடையப்பன் என்று கேட்டவுடனே திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லிவிடலாம். சொக்கலிங்கமும் அழகர்சாமியும் மதுரை. அம்பலவாணன் சிதம்பரத்துக்காரர், ஏகாம்பரம் காஞ்சிபுரத்துக்காரர், தியாகராஜன் திருவாரூர், தாயுமானவன் திருச்சி மலைக்கோட்டை. அவிநாசியப்பன், சென்னியப்பன், நாச்சிமுத்து என்றால் கொங்கு நாடு. கந்தையா, வேலுப்பிள்ளை, கணபதிப்பிள்ளை, சின்னத்தம்பி என்று அடுக்கினால் யாழ்ப்பாணம் கண்முன் வரும். தமிழர்களுக்கு ஐரோப்பியர் போலக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும்தான். குடும்பப் பெயர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை நம்மிடம் இந்தத் தெய்வப் பெயர்களும் தலப் பெயர்களும் செய்துவந்தன. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையெல்லாம் திரட்டி 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் நிலம் யார் கையில் இருந்தது, யார் எந்தப் பதவி வகித்தார்கள் என்பதை ஆராய அந்தப் பெயர்களே அடிப்படையாக உதவின. மன்னர்களின் மெய்க்கீர்த்தி சொல்லாத செய்திகளைச் சாதாரண ஆட்களின் பெயர்கள் சொல்லின. இன்றைய பிறப்புப் பதிவேட்டை நாளை ஒருவர் அப்படிப் படித்தால், குழந்தை பிறந்தது தென்காசியிலா, திருவள்ளூரிலா, தில்லியிலா என்று பெயரை வைத்து அவரால் சொல்ல முடியாது.

சில பெயர்கள் ஊரைவிடவும் ஆழமான ஒன்றைச் சொல்கின்றன. குப்பன், குப்புசாமி, பிச்சை, பிச்சைமுத்து, மூக்கன் என்ற பெயர்களைக் கேட்டால் இன்று சிரிப்பு வருகிறது. முதல் பிள்ளையும் இரண்டாம் பிள்ளையும் தங்காமல் போன வீட்டில், மூன்றாவதாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் ஒருமுறை போட்டு எடுத்து, “இது குப்பையில் கிடந்தது, எங்களுடையது இல்லை” என்று காலனை ஏமாற்ற வைத்த பெயர்தான் குப்பன். மூக்குக் குத்தியும் விடுவார்கள். ஆண்பிள்ளை மூக்கனானது அப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 200 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் அது 13. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே தடுப்பூசி இருக்கிறது, கிராம செவிலியர் இருக்கிறார், அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டு இருக்கிறது. அவை எதுவும் இல்லாத காலத்தில் ஒரு தாய்க்குக் கையில் இருந்த ஒரே மருந்து பெயர்தான். குப்புசாமி என்று ஒரு மனிதர் எழுபது வயதுவரை வாழ்ந்திருந்தால், அவரைப் பெற்றவளின் வேண்டுதல் பலித்தது என்று பொருள். அந்தப் பெயரை உங்கள் பிள்ளைக்கு வைத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன். அதைக் கேட்டுச் சிரிக்காத ஒரு வீட்டில் உங்கள் பிள்ளை வளர வேண்டும் என்பது மட்டும் என் ஆசை.

பழைய பெயர் என்றால் உங்களில் பலருக்கு வெறுப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆதன், கபிலன், பாரி, செழியன், மாறன், அதியன் என்று வைக்கிறீர்கள். மனதார மகிழ்கிறேன். அந்த ஆதன் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கீழடியில் கிடைத்த பானையோட்டில் தமிழி எழுத்தில் கீறியிருக்கும் பெயர்களில் ஒன்று அது. குவிரன் என்ற பெயரும் அங்கே கிடைத்திருக்கிறது. பானையின் தோள்பகுதியில் ஒரு சொல், அவ்வளவுதான். பட்டம் இல்லை, அடைமொழி இல்லை. வீட்டில் புழங்கும் பானை இன்னாருடையது என்று காட்ட ஒருவர் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல்-கதீமில் கிடைத்த ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் இருக்கின்றன. கடல் கடந்து பிழைக்கப் போனவர்களின் பெயர்கள் அவை. தொல்காப்பியம் ஆதனும் தந்தையும் சேர்ந்தால் ஆந்தை ஆகும், பூதனும் தந்தையும் சேர்ந்தால் பூந்தை ஆகும் என்று விதியே வகுக்கிறது. பிசிராந்தையார் பெயரில் இருப்பது அந்த ஆந்தைதான். உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள் தேவைப்படும் இடமெல்லாம் சாத்தன் என்றும் கொற்றன் என்றும் எழுதினார்கள். ஊரில் நாலு பேருக்கு ஒருவராவது அந்தப் பெயரில் இருந்தால்தான் அப்படி எழுதுவார்கள். ஆக, ஆதனும் சாத்தனும் அந்தக் காலத்து மாடசாமியும் முனியாண்டியும்தான். இடையில் இரண்டாயிரம் ஆண்டு ஓடிவிட்டதால் அவை நமக்கு அழகாகத் தெரிகின்றன. தாத்தாவைத் தாண்டிக் குதித்து அவருக்கும் எத்தனையோ தலைமுறை முந்தையவர்களிடம் பெயர் கேட்கிறோம். தாத்தாவின் பெயர் அழகாகத் தெரிவதற்கு இன்னும் இரண்டாயிரம் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

கூச்சம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் திரைப்படத்தின் பங்கு கண்ணில் படும். பல பத்தாண்டுகளாக வீட்டு வேலைக்காரர் முனுசாமி, வண்டிக்காரர் மாயாண்டி, வில்லனுக்குப் பின்னால் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்பவர் கபாலி. மயிலாப்பூரில் கோயில் கொண்ட கபாலீசுவரரின் பெயர், அடியாளின் பெயராகவே நம் காதில் பதிந்துபோனது. 2016-இல் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு படம் வந்தது. கோட்டும் சூட்டுமாக ரஜினிகாந்த் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரராக நடந்து வந்தார். அதன் பிறகு கபாலி என்று சொன்னால் மனத்தில் முதலில் தோன்றும் உருவமே வேறு. பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மதுரை மாவட்டம் திருமங்கலத்துக்கு அருகே உள்ள வடக்கம்பட்டியின் காவல் தெய்வம் முனியாண்டியின் பெயரில் எத்தனை ஊரில் உணவகம் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் அந்த உணவகக்காரர்கள் ஊர்கூடி, ஆட்டுக்கிடா வெட்டி, பிரியாணியே பிரசாதமாகப் படைத்துக் கொடுக்கிறார்கள். கடைப் பலகையில் முனியாண்டி என்றிருந்தால் நம்பி உள்ளே போய் உட்காருகிறோம். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மட்டும் அந்தப் பெயர் நமக்கு ஏன் உறுத்த வேண்டும்?

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஆர்தர் என்பது ஒரு காலத்தில் கிழவர் பெயராகிவிட்டிருந்தது. 2018-ஆம் ஆண்டு அரசுப் புள்ளிவிவரத்தில், 1920-களுக்குப் பிறகு முதல்முறையாக அது ஆண்குழந்தைப் பெயர்களில் முதல் பத்துக்குள் வந்தது. கொள்ளுத்தாத்தாக்களின் பெயரைக் கொள்ளுப்பேரன்களுக்கு வைக்கத் தொடங்கினார்கள், கிழட்டுத்தனம் தானாக உதிர்ந்துவிட்டது. நம் ஊரிலேயே ஒரு தலைமுறை முடிவெடுத்துப் பெயர்களை மாற்றிய வரலாறு உண்டு. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் தொடர்ச்சியாக இராமையா அன்பழகன் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். அவர்களைப் பார்த்து ஆயிரக்கணக்கான வீடுகளில் அறிவழகனும் இளங்கோவனும் பிறந்தார்கள். முதன்முதலில் அப்படிப் பெயர் மாற்றிக்கொண்டவர்களை ஊர் விசித்திரமாகத்தான் பார்த்திருக்கும். அந்த அலையும் இலக்கியத்திலிருந்து பெயர் எடுத்ததே தவிர, களத்துமேட்டிலிருந்தும் ஊர் எல்லைக் கோயிலிலிருந்தும் எடுக்கவில்லை. அந்த வேலை உங்களுக்காக மிச்சம் இருக்கிறது.

இனி, என்னைத் தயங்க வைக்கும் மறுப்புக்கு வருகிறேன். “இந்தப் பெயர்களை எங்களுக்கு ஆசையாகவா வைத்தார்கள்? வேறு பெயர் வைக்க விடவில்லை” என்று கேட்க உரிமையுள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பிராமணன் பெயர் மங்கலத்தையும், சத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும், சூத்திரன் பெயர் இழிவையும் காட்ட வேண்டும் என்று விதிக்கிறது. ஏட்டில் இருந்தது ஊரிலும் நடந்தது. ஒரே கருப்பசாமி ஒரு தெருவில் ஐயா போட்டு அழைக்கப்பட்டார், இன்னொரு தெருவில் தலைநரைத்த பிறகும் “ஏலே கருப்பா” என்று கூப்பிடப்பட்டார். காத்தவராயனாகப் பிறந்து, தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசரானவர் முதல், பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கு ரமேஷ் என்றோ சுரேஷ் என்றோ எழுதச் சொன்ன கூலித்தொழிலாளி வரை, பெயர் மாற்றம் பலருக்கு விடுதலையாக இருந்திருக்கிறது. எந்தத் தெருவென்று காட்டாத பெயர் ஒரு கவசம். அந்தக் கவசத்தைக் கழற்று என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டேன். இந்த மடல் அவர்களுக்கு எழுதப்பட்டதும் இல்லை.

ஸ்டைலாக இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாத உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களிடம் கேட்பதற்குக் காரணமும் அந்த மறுப்பிலேயே இருக்கிறது. ஒரு பெயர் ஏழைகளிடமும் ஒடுக்கப்பட்டவர்களிடமும் மட்டும் மிஞ்சியிருக்கும்வரை, அந்தப் பெயரே ஒருவரை அடையாளம் காட்டி ஒதுக்கும் கருவியாக இருக்கும். சென்னையில் குடியிருப்பில் வாழும் மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் மாடசாமி, செங்கல்சூளையில் வேலை பார்ப்பவர் பிள்ளையும் மாடசாமி என்றால், பெயரைக் கேட்டு ஆளை எடைபோடுவது கடினமாகும். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னபோது, பட்டத்தால் பெருமை அடைந்தவர்களே முதலில் அதை விட வேண்டியிருந்தது. பெரியார் தம் பெயரின் பின்னால் இருந்த நாயக்கரை விட்டார். இழிவாக்கப்பட்ட பெயரைச் சுமந்தவர்களை மட்டும் அதிலிருந்து ஓடவிட்டுவிட்டு நாம் ஒதுங்கி நின்றால் இழிவு அந்தப் பெயரிலேயே தங்கிவிடும். வசதியுள்ளவர்கள் வந்து அந்தப் பெயரைத் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்தப் பாடத்தின் மறுபக்கம். இதனால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்லவில்லை. பெயர் ஒன்றாவது அதன் கையாளாக இருப்பதை நிறுத்தலாம்.

இந்துக்களுக்கு மட்டும் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பேதுருவை ராயப்பன் ஆக்கினார்கள், பவுலைச் சின்னப்பன் ஆக்கினார்கள், யோவானை அருளப்பன் ஆக்கினார்கள். சவரிமுத்து, சூசை, இன்னாசி, ஞானப்பிரகாசம் எல்லாம் இந்த மண்ணில் விளைந்தவை. 2022-இல் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டவரின் பெயர் தேவசகாயம். அந்தப் பெயரை ரோமாபுரியே சொன்னது. இன்று எத்தனை தொட்டிலில் அதைக் கேட்கிறோம்? நாகூர் மீரான், சீனி முகம்மது, முத்து மீரான் என்ற தமிழ் முஸ்லிம் பெயர்களும் அப்படியே. அரபியும் தமிழும் பல நூற்றாண்டு பழகிய நெருக்கம் அந்தப் பெயர்களில் இருக்கிறது. எந்த நாட்டு முஸ்லிம் என்று தெரியாத பெயர் வைப்பதில் தவறில்லை, கடற்கரைக்காரர் என்று தெரிகிற பெயரிலும் குறையில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கோ ஊரும் மலையும் ஆறும் புலவர்களும் இருக்கிறார்கள்.

பள்ளியில் கேலி செய்வார்கள் என்பீர்கள். குழந்தைகள் எந்தப் பெயரையும் கேலி செய்யும். தர்ஷித்துக்கும் அஸ்வந்துக்கும்கூட அவர்களிடம் பட்டப்பெயர் தயாராக இருக்கும். தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கேலியைத் தாங்க ஒரு பிடி கிடைக்கிறது. சுடலை என்றால் சுடுகாடு இல்லையா என்று ஒருவன் கேட்டால், ஆமாம், எல்லோரும் பயப்படும் இடத்தைக் காவல் காக்கும் சாமி, ஆண்டுக்கொரு தடவை கொடை கொடுப்போம், விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும் என்று உங்கள் மகன் சொல்லலாம். அவனை அங்கே கூட்டிப்போயிருந்தால்தான் சொல்வான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாய் நுழையாது என்பது இன்னொரு கவலை. கூகுளின் தலைவரைப் பற்றிப் பேசும்போது உலகமெல்லாம் பிச்சை என்கிறார்கள். அது அவருடைய தந்தையின் பெயர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற சேலம் மாவட்டத்துக்காரரின் பெயர் மாரியப்பன். 2023-இல் நிலவின் தென்துருவப் பகுதியில் சந்திரயான் இறங்கியபோது திட்ட இயக்குநராக இருந்தவர் வீரமுத்துவேல். வாய் நுழைய வேண்டிய தேவை வந்தபோது எல்லோருக்கும் நுழைந்தது. நீளம்தான் சிக்கல் என்றால் சொக்கன், மாடன், வேலன், பாண்டி, காரி என்று இரண்டு, மூன்று, நாலு எழுத்தில் வேண்டிய அளவு இருக்கின்றன.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூசத்துக்கு ஹூ, ஹே, ஹோ, ட என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். தமிழில் ஹகர எழுத்தே கிடையாது, டகரத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. வடமொழி எழுத்து வரிசைக்குப் போடப்பட்ட அட்டவணை அது. ஹேமந்த்களும் ஹோமேஷ்களும் பெருகியதற்கு அந்தத் துண்டுச்சீட்டும் ஒரு காரணம். அட்டவணையை விட மனமில்லை என்றாலும் வழி இருக்கிறது. மகத்தில் பிறந்தவனுக்கு மாடசாமி, மாயாண்டி, முத்தையா, மீனாட்சிசுந்தரம் எல்லாம் பொருந்தும். ரோகிணிக்காரனுக்கு வீரபாண்டியும் வீரையாவும் இருக்கிறார்கள். ஜோசியரிடம் கேட்டே வைக்கலாம்.

செல்லப்பிராணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பெயர்கள் இப்போது அங்கேதான் ஒதுங்குகின்றன. பிள்ளைக்கு ரித்விக் என்று வைத்த வீட்டில் நாய்க்கோ பூனைக்கோ குப்புசாமி, முனுசாமி என்று வைத்து, கூப்பிடும்போதெல்லாம் விருந்தாளிகளைச் சிரிக்க வைக்கிறார்கள். நாய்க்குப் பெயர் வைப்பது தாழ்வான காரியமே இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளனைக் கடித்துக் காவல் நின்றதை எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்ட ஆள் வைத்த சமூகம் இது. கிராமத்தில் மணி, வீரன், கருப்பன் என்று நாயைக் கூப்பிடும் குரலிலும், வாடிவாசலுக்குப் போகும் காளைக்குக் கருப்பன் என்று பெயர் சொல்லும் குரலிலும் கேலி இருப்பதில்லை. உங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு மாயாண்டி என்று பெயர் வைக்க ஆசை என்றால் வையுங்கள். அதே பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கும் வயதானவர் ஒருவர் கீழே வாயிற்காவலில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சூட்டத் தயங்கும் பெயரை நாய்க்குச் சூட்டிச் சிரிப்பது அவர் முகத்துக்கு நேராகச் சிரிப்பது ஆகும். பிள்ளைக்கு ஒரு பழைய பெயர் வைத்த வீட்டில் நாய்க்கும் ஒரு பழைய பெயர் இருந்தால் யாரும் வருத்தப்படப் போவதில்லை.

அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 12 மாதம்வரை அதற்குக் கட்டணம் கிடையாது, அதன் பிறகும் தாமதக் கட்டணம் செலுத்தி 15 ஆண்டுவரை சேர்க்க இடமுண்டு. அந்த அவகாசத்தில் செயலியை மூடிவிட்டு இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்கார வையுங்கள். அப்பா வழியில் நாலு தலைமுறை ஆண்கள், அம்மா வழியில் நாலு தலைமுறை ஆண்கள் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தாவிடம் போனார்கள், எந்த எல்லைக்கருப்புக்கு நேர்ந்துகொண்டார்கள் என்று கேட்டு அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். “என் பேரு எல்லாம் எதுக்கு, பிள்ளைக்கு நல்ல பேரா வைங்க” என்று தாத்தா மறுப்பார். அவர் மறுப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தாளில் பதினைந்து பெயராவது தேறும். அவற்றில் ஒன்றை ஒரு வாரம் பிள்ளையை எடுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் கூப்பிட்டுப் பாருங்கள். நாக்கு பழகிய பிறகு பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள்.

அன்புடன்,
பழைய பெயர்களை நேசிக்கும் ஒருவர்